கொடுத்தாலும் குறையாத சரக்கு

எங்கள் பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையை நீங்கள் பார்த்ததுண்டா? தென்காசியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள ஊர் இது. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் விளையும் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்கும். ஏலம் முடிந்ததும் பெரும்பகுதி செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறிவிடும். கல்லூரிக்குப் பஸ் பிடிக்கப் போகும் வழியில் சற்றே நின்று இதை நான் வேடிக்கை பார்ப்பதுண்டு.

அந்த வாணிகத்தில் ஓர் இயற்பியல் உண்மை இருக்கிறது. விவசாயி ஒரு மூட்டைக் கத்தரிக்காயைக் கொடுத்துவிட்டால் அது அவரிடம் இருக்காது. வியாபாரி பணத்தைக் கொடுத்துவிட்டால் அது வியாபாரியிடம் இருக்காது. ஒருவர் கை குறைந்தால்தான் மற்றவர் கை நிறையும். நிறையும் ஆற்றலும் அப்படிப்பட்டவை. ஓரிடத்தில் குறையாமல் வேறோரிடத்தில் கூடுவதில்லை. ஆற்றல் அழிவின்மை விதியை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள்.

ஆனால் அதே சந்தையில் வேறொரு சரக்கும் கைமாறுகிறது. “உங்க செல் நம்பரைச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று கடைக்காரர் கேட்கிறார். விவசாயி சொல்கிறார். சொன்ன பிறகும் நம்பர் அவரிடமே இருக்கிறது, கடைக்காரரிடமும் இருக்கிறது. கடைக்காரர் அதைப் பத்துப் பேரிடம் சொன்னால் அந்தப் பத்துப் பேரிடமும் இருக்கும். கொடுத்தவர் எவருக்கும் எதுவும் குறையவில்லை! இந்த விந்தையான சரக்கின் பெயர்தான் தகவல்.

கொடுத்தாலும் குறையாது என்பது தகவலின் பெருமை. உங்கள் ஆசிரியர் பாடம் நடத்திய பிறகு அவருக்கு அந்தப் பாடம் மறந்துபோவதில்லை அல்லவா? அதன் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. விற்ற கத்தரிக்காயைத் திரும்ப வாங்கலாம். சொன்ன நம்பரைத் திரும்ப வாங்க முடியுமா? “அழித்துவிட்டேன்” என்று அவர் சொன்னால் நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை.

திரும்ப வாங்க முடியாத ஒன்றைப் பற்றிய நியாயத்தைக் கொடுத்த பிறகு பேசிப் பயனில்லை. கொடுப்பதற்கு முன்பே, கேட்பதற்கும் முன்பே பேசியாக வேண்டும். இதுதான் என் கருத்து. மருத்துவத் துறையில் கணிப்பொறி விரைவாக நுழைந்துவரும் இந்நாளில் இதை உங்களிடம் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

என் வீட்டில் நடந்தது

என் தாயார் பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தவர். சில ஆண்டுகளுக்கு முன், அவருக்கு எழுபது வயது ஆனபோது, மூன்று வாரமாகியும் இருமல் நிற்கவில்லை. சளியைப் பரிசோதிக்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்தார். பரிசோதனை நிலையத்தில் இப்போதெல்லாம் நோட்டில் எழுதுவதில்லை. பெயர், வயது, செல்போன் நம்பர் என்று கணிப்பொறியில் பதிகிறார்கள். என் தாயாரிடம் போன் கிடையாது. வகுப்பு நேரத்தில் என் போன் அணைந்திருக்கும். “துணைக்கு வருகிற பக்கத்து வீட்டு அக்காவின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள் அம்மா” என்று சொல்லி அனுப்பியவன் நானேதான்.

மறுநாள் மாலை, காசநோய்க் கிருமி இருக்கிறது என்ற முடிவு அந்த அக்காவின் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. புரியாமல் தம் மகனிடம் காட்டினார். பத்தாம் வகுப்பு படித்த அந்தப் பையனுக்கும் புரியவில்லை. அப்படியே தன் நண்பனுக்கு அனுப்பி “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டான். அர்த்தம் அவனுக்குத் தெரிந்தது, அவன் வீட்டுக்குத் தெரிந்தது, தெருவுக்கே தெரிந்தது. எனக்குத் தெரிந்தபோது இரவு எட்டு மணி.

அதற்குப் பிறகு எங்கள் திண்ணையில் என் தாயாரோடு உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் வரவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அவருக்கு மட்டும் காகித டம்ளரில் காப்பி வந்தது. ஆறு மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டார், முற்றிலும் குணமடைந்தார். நோய் போயிற்று. தகவல் போகவில்லை. இன்றும் சில வீடுகளில் அவருக்கு டம்ளர் தனிதான்.

வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகுக்குக் காட்டியதே நம் சென்னைதான். 1956இல் அங்கு தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டு, 1959இல் இம்முடிவை வெளியிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அறிவியல் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஒரு மூதாட்டியின் பரிசோதனை முடிவோ ஒரே மாலையில் வந்து சேர்ந்துவிட்டது!

இதில் குற்றவாளி யார்? பரிசோதனை நிலையத்தார் கொடுத்த நம்பருக்குத்தான் அனுப்பினார்கள். அக்கா கெட்ட எண்ணத்தோடு காட்டவில்லை. பையனும் பொருள் தெரிந்துகொள்ளத்தான் அனுப்பினான். நானும் வசதிக்காகத்தான் அந்த நம்பரைக் கொடுத்தேன். கெட்டவர் ஒருவரும் இல்லாமலேயே ஒரு கெடுதி நடந்துவிட்டது. தகவல் யுகத்தில் நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

எடை காத்த ரகசியம்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு நோயாளியின் விவரத்துக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு தாள்களை அடுக்கினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும். அப்படியானால் 10 லட்சம் நோயாளிகளின் தாள்களை அடுக்கினால் 100 மீட்டர். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 180 அடி, அதாவது 55 மீட்டர். நம் தாள் அடுக்கு அதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரும்! ஒரு தாள் 5 கிராம் என்றால் மொத்த எடை 5 டன். இதைத் திருட ஒரு லாரியும் பத்து ஆட்களும் ஓர் இரவும் வேண்டும்.

இதையே கணிப்பொறியில் பதிந்தால் ஒரு பக்கத்துக்கு 4,000 பைட் தாராளம். 10 லட்சம் பேருக்கு 400 கோடி பைட், அதாவது 4 ஜிகாபைட். கடையில் விற்கும் 32 ஜிகாபைட் நினைவு அட்டை உங்கள் கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதில் எட்டில் ஒரு பங்கு போதும். படியெடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். எடுத்தது எவருக்கும் தெரியாது. ஏனென்றால் இருந்த இடத்தில் எதுவும் குறைந்திருக்காது.

முற்காலத்தில் நம் ரகசியங்களைப் பீரோவும் பூட்டும் காத்தன என்று எண்ணியிருந்தோம். உண்மையில் காத்தது காகிதத்தின் எடை! அந்தக் காவல்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் யாரையும் நாம் இன்னும் சரியாக நியமிக்கவில்லை.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் மீது இணையவழித் தாக்குதல் நடந்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை அது. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அங்கே நோயாளிகளின் பதிவு முதலான பணிகளைக் கையால் எழுதிச் செய்ய வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை என்றால், சிற்றூர்ப் பரிசோதனை நிலையங்களின் பாதுகாப்பைப் பற்றி என்ன சொல்வது!

இயந்திரம் காத்த உயிர்கள்

“அப்படியானால் கணிப்பொறியே வேண்டாம், பழைய நோட்டே போதும்” என்று சிலர் சொல்லக்கூடும். நான் அந்தக் கட்சி அல்லன். ஏன் என்பதற்கும் காசநோயிலிருந்தே உதாரணம் தருகிறேன்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. காசநோய் கண்டறியப்பட்டவுடன் ஐந்து எளிய விவரங்களைச் சுகாதாரப் பணியாளர் குறித்துக்கொள்கிறார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா? காலில் வீக்கம் உண்டா? நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார்? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவ்வளவுதான். ஆக்சிஜனை அளக்க, விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி இருக்கிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, எதை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அது ஒப்பிடுகிறது. இந்த விவரங்களைக் கொண்டு, யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இதனால் பல மாவட்டங்களில் காசநோய் இறப்புகள் குறைந்தன. 2025இல், ஒரு நோயாளி இறந்துபோகும் வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என்று கணித்துச் சொல்லும் முறையும் இத்திட்டத்தின் கணிப்பொறிப் பதிவில் சேர்க்கப்பட்டது.

அந்த எண்ணைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது மருத்துவ அதிகாரியின் கண்ணில் பட்டால் நோயாளிக்கு ஒரு கட்டில் விரைந்து கிடைக்கும். அதே எண் கடன் கொடுப்பவர் கண்ணில் பட்டால்? வேலை கொடுப்பவர் கண்ணில் பட்டால்? பெண் கொடுக்க வந்தவர் கண்ணில் பட்டால்? எண் மாறவில்லை, பார்க்கும் கண் மாறியது. ஓரிடத்தில் உயிர் காத்த தகவல் வேறோரிடத்தில் ஒருவரின் வாழ்வைக் கெடுத்துவிடும். ஆகவே ஒரு தகவல் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை. யாருக்கு, எதற்காக என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேட்டதற்கு மேல் சொல்லும் கண்

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது நமக்கே தெரியாமல் போகலாம்!

சர்க்கரை நோய் முற்றினால் விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப் பார்வை பறிபோகும். விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தால் இதை முன்கூட்டியே அறியலாம். ஆனால் அத்தனை பேரின் படங்களையும் பார்க்கக் கண் டாக்டர்கள் போதாது. எனவே கூகுள் நிறுவனத்தார் 1,28,000க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கணிப்பொறிக்குக் காட்டிப் பழக்கினார்கள். அப்படங்களில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. மறு பகுதி மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா முதலிய இந்திய மருத்துவமனைகளிலிருந்து சென்றது. படங்களிலிருந்து பெயர் முதலிய அடையாளங்கள் நீக்கப்பட்டிருந்தன. 2016இல் வெளிவந்த முடிவு, இந்நோயைக் கண்டறிவதில் கணிப்பொறி கண் டாக்டர்களுக்கு இணையாக நின்றதைக் காட்டியது. நம் ஊர்க் கண்கள் உலகுக்கே பயன்பட்டன. மகிழ்ச்சிதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே நிறுவனத்தார் மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து, அது ஆணுடையதா பெண்ணுடையதா, வயது ஏறத்தாழ என்ன, ரத்த அழுத்தம் எவ்வளவு, புகை பிடிப்பவரா என்றெல்லாம் கணிப்பொறி ஊகித்தது. ஆணா பெண்ணா என்று விழித்திரையைப் பார்த்துச் சொல்ல எந்த டாக்டருக்கும் தெரியாது. கணிப்பொறியோ பெரும்பாலும் சரியாகவே சொன்னது! சர்க்கரை நோய்க்காகக் கண்ணைக் காட்டியவர், தாம் புகை பிடிக்கும் செய்தியையும் சேர்த்துக் கொடுத்திருக்கக்கூடும் என்று யார்தான் நினைத்திருப்பார்?

இன்று கொடுக்கும் ஒரு படத்திலிருந்து நாளை எதையெல்லாம் படிக்க முடியும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான், ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த விரும்புவோர் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறேன். விரல்ரேகைக்கும் இது பொருந்தும். சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். விரலை மாற்ற முடியாது.

மறைப்பதா, சொல்வதா?

எல்லாவற்றையும் மறைத்துவிடுவது தீர்வாகுமா? ஆகாது. காசநோய் கண்டறியப்பட்டால் தனியார் டாக்டர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012 மே மாதம் மத்திய அரசு ஆணையிட்டது. அது சரியான ஆணைதான். யாருக்கு நோய் என்று தெரியாமல் மருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? உடனிருப்பவர்களைப் பரிசோதிப்பது எப்படி? பொதுச் சுகாதாரம் என்பதே கணக்கெடுப்பில் தொடங்குகிறது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதுதான் கடினம். உச்ச நீதிமன்றமே இதற்காகச் சிரமப்பட்டிருக்கிறது. நாகாலாந்தைச் சேர்ந்த ஒருவர் 1995இல் ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தார். அந்த நோயாளிக்கு ரத்தம் கொடுப்பதற்காக அவரைச் சோதித்ததில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. அச்செய்தி மருத்துவமனையைத் தாண்டி வெளியே போயிற்று. நிச்சயித்திருந்த திருமணம் நின்றது. ஊராரின் புறக்கணிப்பைத் தாங்காமல் அவர் சொந்த ஊரைவிட்டே வெளியேறினார். ‘எக்ஸ்’ என்ற பெயரில் அவர் தொடுத்த வழக்கில் 1998இல் தீர்ப்பு வந்தது. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமை. ஆனால் மணமகளின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அக்கடமைக்கு விலக்கு உண்டு என்று கூறி, அவருடைய வழக்கை நீதிமன்றம் தள்ளிவிட்டது.

மணமகளுக்குத் தெரிய வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குத் தெரிய வேண்டியது ஏன்? தேவைப்பட்ட ஒருவருக்குச் சொல்வதற்கும் எல்லாருக்கும் தெரிந்துபோவதற்கும் உள்ள தூரத்தில்தான் நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பிற்காலச் சட்டமும் இதை ஏற்றது. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், சில விலக்குகள் தவிர, உரியவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியிடக் கூடாது என்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

கவனித்தீர்களா? 1995இல் அச்செய்தி பரவ வாட்ஸ்அப் இல்லை. மனித வாயே போதுமானதாக இருந்தது. கணிப்பொறி புதிதாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய குற்றத்துக்குச் சிறகு கட்டிவிட்டது.

யார் என்ன செய்ய வேண்டும்?

தகவலைக் கேட்டு வாங்குகிறவரே முதல் பொறுப்பாளி. தேவைக்கு மேல் கேட்கக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம் என்பதைக் கேட்கப்படுபவரின் மொழியில் சொல்ல வேண்டும். காரியம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பரிசோதனை முடிவை அனுப்புமுன் “இந்த நம்பர் உங்களுடையதுதானா? இல்லையென்றால் காகிதத்தில் வாங்கிக்கொள்கிறீர்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் எத்தனையோ பேர் காப்பாற்றப்படுவார்கள். இதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை.

நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. 18 வயது நிறையாத உங்களைப் பற்றிய தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. சட்டம் நல்லதே. ஆனால் சட்டம் தண்டிக்கும். போன தகவலை மீட்டுத் தராது.

நீங்கள் என்ன செய்யலாம்? “நாங்கள் மாணவர்கள்தாமே” என்று ஒதுங்க வேண்டாம். உங்கள் தெருவில் ஆச்சிக்கு வந்த ஓ.டி.பி.யைப் படித்துச் சொல்வது யார்? தாத்தாவின் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பத்தை நிரப்புவது யார்? பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பரிசோதனை முடிவைப் படித்துப் பொருள் சொல்வது யார்? நீங்கள்தாம்! அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு கம்பவுண்டர் இருந்தார். யாருக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரியும். அவர் வாய் திறக்க மாட்டார் என்பதால்தான் ஊர் அவரை மதித்தது. இன்று அந்த இடத்தில் உங்களை உட்கார வைத்திருக்கிறோம். ஆனால் வாய் திறக்காதிருக்கும் பண்பை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே பிறருடைய தகவல் உங்கள் கையில் இருக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது யாருடையது? இதைப் பார்க்க வேண்டியவர் யார்? நான் இப்போது அனுப்பிவிட்டால் நாளை திரும்ப வாங்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு விடை எப்போதும் ‘முடியாது’ என்பதுதான். அதனால் முதல் இரண்டுக்கும் விடை தெளிவாகத் தெரியாதவரை விரலை நகர்த்தாதீர்கள்.

அன்று எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், பொருள் தெரியாத அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களை மட்டும் நண்பனிடம் கேட்டிருக்கலாம். பெயரோடு கூடிய முழுத்தாளை அனுப்பத் தேவையில்லை. அவனுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியனாகிய நானும் சொன்னதில்லை. அவன் மீது எனக்குக் கோபம் இல்லை. என் மீதுதான் உண்டு.

உங்களுக்கு இப்போது சொல்லிவிட்டேன். சொன்னதால் எனக்கு எதுவும் குறையவில்லை. இந்த ஒரு தகவலை மட்டும் நீங்கள் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தாராளமாகக் கொடுங்கள்!